அவகாசம் கேட்பது இழுக்கன்று
வீட்டுக் கடனில் தத்தளிப்போருக்கு ஷரீஅத்தும் சட்டமும் காட்டும் வழி

வங்கியிலிருந்து வரும் பதிவுத் தபாலைக் கையெழுத்திட்டு வாங்காமல் திருப்பியனுப்பிவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. வீட்டில் ஆள் இல்லையென்று பிள்ளைகளைச் சொல்லச் செய்வதும், வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் கைப்பேசியை அணைத்து வைப்பதும் உண்டு. இவ்வாறு செய்வோரில் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், வெட்கப்படுபவர்கள். வளைகுடாவில் வேலை போயிருக்கும். கடையில் வியாபாரம் படுத்திருக்கும். வீட்டில் ஒருவர் நோயில் விழுந்திருப்பார். தவணை தவறிவிடுகிறது. கடன் கொடுத்தவர் முன் சென்று நின்று, இப்போது இயலவில்லை, அவகாசம் வேண்டும் என்று கேட்பதை மானக்குறைவாகக் கருதி மௌனமாகிவிடுகின்றனர். வறுமை பறிக்காத வீட்டை அந்த மௌனம் பறித்துவிடுகிறது.

வட்டிக்குக் கடன் வாங்கி வீடு கட்டுவது கூடுமா என்ற விவாதத்தை இக்கட்டுரை எடுத்துக்கொள்ளவில்லை. ரிபா ஹராம் என்பதில் இரு கருத்து இல்லை. நிர்ப்பந்த நிலையைப் பற்றி உலமாக்கள் விரிவாகப் பேசியிருக்கின்றனர். ஆனால் கோட்டாற்றிலும் தக்கலையிலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் நம் சமுதாயத்தவர் பலர் ஏற்கெனவே இக்கடனுக்குள் இருக்கின்றனர் என்பது நடப்பு. நீரில் மூழ்குபவரிடம் ஏன் இறங்கினீர் என்று விசாரிப்பதற்கு முன் கரையேறும் படித்துறையைக் காட்டுவதே முறை.

அவகாசம் என்னும் கடமை

கடன் பற்றிய குர்ஆன் வசனங்களில் ஒன்று (2:280) நேரடியாக இந்நிலையையே பேசுகிறது. கடன்பட்டவர் நெருக்கடியில் இருந்தால் வசதி வரும்வரை அவருக்குக் காலம் தரப்பட வேண்டும் என்றும், அக்கடனைத் தருமமாக விட்டுவிடுவது அதனினும் சிறந்தது என்றும் அது கூறுகிறது. காலம் தருவது கட்டளை. தள்ளுபடி செய்வது சிறப்பு. வட்டியைக் கண்டிக்கும் வசனங்களை அடுத்தே இது இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. அறியாமைக் கால அரபியரிடம் தவணை வந்ததும் கடனாளிக்கு இரண்டு வழிகளே இருந்தன: கடனை அடைப்பது, அல்லது தொகையைக் கூட்டிக்கொண்டு காலத்தை நீட்டிக்கொள்வது. காலத்துக்கு விலை வைத்த அந்த வழக்கத்தை நீக்கி, விலையில்லாத அவகாசத்தை இஸ்லாம் அவ்விடத்தில் வைத்தது.

மறுபுறம், கடனாளிக்கும் கடமை உண்டு. கொடுக்கும் வசதியுள்ளவன் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழியின் கருத்து. இரு தரப்பின் கடமையையும் ஒரே காட்சியில் விளக்கும் நிகழ்ச்சி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. கஅபு பின் மாலிக் (ரலி) அவர்கள் தமக்கு வரவேண்டிய கடனை இப்னு அபீ ஹத்ரத் (ரலி) அவர்களிடம் பள்ளிவாசலில் வைத்துக் கேட்கிறார்கள். இருவர் குரலும் உயர்கிறது. அதைச் செவியுற்ற நபி (ஸல்) அவர்கள் தம் அறையின் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து, பாதியைத் தள்ளிவிடுமாறு கஅபுக்குச் சைகை காட்டுகிறார்கள். கஅபு இணங்கியதும், மீதியை எழுந்து சென்று கொடுத்துவிடுமாறு கடனாளியிடம் கூறுகிறார்கள்.

இந்நிகழ்ச்சியில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டிருந்ததால்தான் நடுவர் ஒருவர் தலையிட முடிந்தது. கடனாளி ஒளிந்திருந்தால் இணக்கத்துக்கு இடமே இருந்திருக்காது.

ஒற்றியும் வங்கி அடமானமும்

நாஞ்சில் நாட்டில் அடமானம் என்றதும் பலர் மனத்தில் எழுவது ஒற்றி. ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு வீட்டையோ வயலையோ மற்றவர் அனுபவத்தில் விட்டுவிடுவர். தொகையைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் சொத்து திரும்பிவிடும். இவர் வட்டி கட்டுவதில்லை. அவர் வாடகை தருவதில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதனை அனுபவ அடமானமாக ஏற்கிறது. ஒற்றிச் சொத்தை மீட்கும் உரிமை 30 ஆண்டுகள் கடந்தன என்பதால் மட்டும் அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது.

கடனுக்கு ஈடாகப் பெற்ற பொருளின் பலனைக் கடன் கொடுத்தவர் அனுபவிப்பதை ஃபுகஹாக்களில் பெரும்பாலோர் ரிபாவின் வகையாகவே கண்டனர். எனவே ஒற்றியைப் புகழ்வது இங்கு நோக்கமன்று. ஒற்றி நம்மிடம் பழக்கிவிட்ட ஓர் எண்ணத்தைச் சுட்டவே இதைச் சொல்கிறோம். ஒற்றியில் காலம் கடந்தால் கடன் வளர்வதில்லை. பத்து ஆண்டுகள் கழித்து மீட்டாலும் அதே தொகைதான். வங்கி அடமானமோ இதற்கு நேர்மாறானது. அங்கே உரிமையாளர் வீட்டுக்குள் குடியிருக்கிறார். பத்திரம் மட்டும் வங்கியில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாளும் கடன் வளர்கிறது. அமைதியாக இருந்தால் காலம் தீர்த்துவைக்கும் என்னும் ஒற்றிக் காலத்து நம்பிக்கையை வங்கிக் கடனில் வைப்பவர் வீட்டை இழக்கிறார்.

ஈடு வைப்பது பற்றிய ஃபிக்ஹுச் சட்டத்தில் ரஹ்ன் என்பது தனி அத்தியாயம். நபி (ஸல்) அவர்கள் மறைந்தபோது அவர்களுடைய போர்க்கவசம் மதீனாவின் யூதர் ஒருவரிடம் கோதுமையினத் தானியத்துக்காக ஈடாக இருந்தது என்பது வரலாறு. ஆகவே ஈடு வைப்பது இழிவன்று. தவணை தவறிவிட்டது என்பதற்காக ஈட்டுப் பொருள் கடன் கொடுத்தவருக்கே சொந்தமாகிவிடாது. அது முறையாக விற்கப்பட்டு, கடன் போக மீதி உரிமையாளரைச் சேர வேண்டும் என்பது அந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி. நம் நாட்டின் சட்டமும் இவ்விதியையே வேறு சொற்களில் ஏற்றிருக்கிறது.

சட்டம் தரும் காலக்கணக்கு

வீட்டுக் கடன் வசூலில் வங்கிகள் இன்று பெரிதும் கையாள்வது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். நீதிமன்றத்தில் வழக்குத் தொடராமலேயே அடமானச் சொத்தைக் கையகப்படுத்தி விற்க அது வங்கிக்கு அதிகாரம் தருகிறது. கூட்டுறவு வங்கிகளுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்தது. விவசாய நிலம் அதன் வரம்புக்கு வெளியே உள்ளது. குடியிருக்கும் வீட்டுக்கு அந்த விலக்கு இல்லை.

தவணை தவறி 90 நாட்கள் கடந்தால் கணக்கு வாராக்கடனாகிறது. அதற்கு முன்பே 30, 60 நாள் கட்டங்களில் வங்கி அதனைக் கவனிப்புக்குரிய கணக்காகப் பிரித்து வைக்கிறது. வாராக்கடனான பின், 60 நாட்களுக்குள் முழுத் தொகையையும் செலுத்தக் கோரும் 13(2) அறிவிப்பு வரும். நாம் திருப்பியனுப்புவது பெரும்பாலும் இந்தத் தபாலைத்தான். ஆனால் வாங்க மறுப்பதால் அறிவிப்பு செல்லாததாகிவிடாது. வீட்டுக் கதவில் ஒட்டியும் நாளிதழ்களில் வெளியிட்டும் அதனைச் சார்வு செய்ய விதிகள் இடமளிக்கின்றன. தபாலைத் திருப்பி மானம் காக்க நினைத்தவரின் பெயர் ஊரறியக் கதவில் தொங்குகிறது.

தபாலை வாங்கியவருக்கோ ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. அந்த அறிவிப்புக்கு எழுத்து மூலம் ஆட்சேபமோ விளக்கமோ தரலாம். அதனை ஏற்காவிட்டால் வங்கி 15 நாட்களுக்குள் காரணம் காட்டி விடையளித்தாக வேண்டும். 60 நாட்கள் கழிந்தபின் வங்கி சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். அந்நடவடிக்கையை எதிர்த்து 45 நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம்; கன்னியாகுமரி மாவட்டத்தாருக்கு அது மதுரையில் உள்ளது. முதல் ஏலத்துக்கு முன் 30 நாள் அறிவிப்பு வேண்டும். கடன் போக மீதி உரிமையாளருக்கே. ஆனால் ஒரு நுட்பம் உண்டு: 2016இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பாக்கி முழுவதையும் செலுத்திச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியாகும்வரைதான். 2023இல் உச்ச நீதிமன்றம் இதனை வலியுறுத்தியது. ஏல நாளன்று பணத்தோடு போய் நிற்கலாம் என்று காத்திருப்பவர் தாமதித்துவிட்டவராகிறார்.

இந்நாட்களைக் கூட்டிப் பார்த்தால், முதல் தவணை தவறியதிலிருந்து ஏறத்தாழ ஆறு மாதங்களில் ஏலம்வரை செல்லச் சட்டம் வழிவிடுகிறது. நடைமுறையில் கூடுதலாகலாம். ஆயினும் பேச்சுவார்த்தைக்கு மிகுந்த பலன் உள்ள காலம் முதல் 90 நாட்களே. கணக்கு வாராக்கடனாகுமுன் கிளை மேலாளரிடம் இருக்கும் மனமும் வாய்ப்பும் அதன்பின் குறைந்துவிடுகின்றன.

அவகாசத்தின் விலை

வங்கி தரக்கூடிய உதவிகள் சில வகைப்படும்: தவணையைச் சில மாதங்கள் ஒத்திவைத்தல், கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்தல், சில காலம் வட்டியை மட்டும் கட்டவைத்தல், நிலுவையைப் பகுதி பகுதியாகப் பெறுதல், முற்றும் இயலாதபோது ஒரு தொகையில் தீர்த்துக்கொள்ளும் ஒரே தவணைத் தீர்வு. இவற்றில் எது தமக்கு ஏற்றது என்பதைக் கணக்கிட்டறிந்தே கேட்க வேண்டும். குர்ஆன் கூறும் அவகாசத்துக்கு விலையில்லை. வங்கியின் அவகாசத்துக்கு விலை உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு. 20 இலட்சம் ரூபாய், 9 விழுக்காடு, 20 ஆண்டுகள் என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 17,995 ரூபாய். கடன் தொடக்கத்தில் ஆறு மாதம் தவணை ஒத்திவைக்கப்பட்டு, அக்கால வட்டி அசலுடன் சேர்ந்தால் கடன் சுமார் 20.92 இலட்சமாகிறது. பின்னர் அதே தவணையைக் கட்டி முடிக்க 240க்குப் பதில் 275 மாதங்கள் வேண்டும். கட்டாமல் விட்டது 6 தவணை. கூடுதலாகக் கட்டுவது 35 தவணை. காலத்தை 20லிருந்து 25 ஆண்டாக நீட்டினாலோ தவணை சுமார் 1,200 ரூபாய் மட்டுமே குறைகிறது. மொத்தத்தில் ஏழு இலட்சத்துக்கு மேல் கூடுகிறது. இதற்கு மாறாக, முதல் ஆண்டுகளில் மாத வட்டியாகிய ஏறத்தாழ 15,000 ரூபாயை மட்டுமாவது கட்டிவரக் கூடுமானால் கடன் வளராமல் நிற்கும். ஆகவே முழுத் தவணை இயலாவிட்டாலும் இயன்றதைக் கட்டுவதாகச் சொல்வதே அறிவுடைமை. தவணை முழுவதும் இல்லை என்பதற்காக ஒன்றும் கட்டாமல் விடுவது தவறு.

கொரோனாக் காலம் இதனை நாடு முழுவதற்கும் கற்பித்தது. 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த ஒத்திவைப்பு, நீட்டிக்கப்பட்டு ஆகஸ்டு 31 வரை நீடித்தது. அதே ஆண்டு மே மாதம் முதல் சிறப்பு விமானங்களில் வளைகுடாவிலிருந்து வேலையிழந்து திரும்பியவர்களின் குடும்பங்களுக்கு அது மூச்சுவிட இடம் தந்தது. ஆயினும் வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி விதிப்பது முறையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஒத்திவைப்புக் காலத்துக்கு வட்டிமேல் வட்டி வசூலிக்கக் கூடாது என்றும், வசூலித்ததைத் திருப்பவோ ஈடுசெய்யவோ வேண்டும் என்றும் 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பானது. வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்யும் கோரிக்கை ஏற்கப்படவில்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி மேலும் ஓர் அடி வைத்தது: தவணை தவறினால் அபராத வட்டி விதிக்கக் கூடாது, நியாயமான அபராதக் கட்டணம் மட்டுமே விதிக்கலாம், அதன்மேல் வட்டி ஏறக் கூடாது என்றது. இவ்விதி 2024இல் நடைமுறைக்கு வந்தது. தம் கணக்கறிக்கையில் இவ்விதி மீறப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது கடனாளியின் உரிமை.

எப்படிக் கேட்பது

மறுசீரமைப்போ ஒரே தவணைத் தீர்வோ கடனாளி உரிமையாகக் கோரக்கூடியதன்று. ஒரே தவணைத் தீர்வைத் தருமாறு வங்கிக்கு நீதிமன்றம் கட்டளையிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் கூறிவிட்டது. எனவே வங்கியை இணங்கவைப்பது கடனாளி முன்வைக்கும் விவரங்களே. வாயால் சொல்லி வருவது போதாது. எழுத்தில் விண்ணப்பம் தந்து, நகலில் முத்திரையும் தேதியும் பெற வேண்டும். வருமானம் ஏன் குறைந்தது என்பதற்குச் சான்று வேண்டும்: வேலை நீக்கக் கடிதம், ரத்தான விசா, மருத்துவமனைச் சீட்டு, கடையின் கணக்கு. இப்போது மாதம் எவ்வளவு கட்ட இயலும், எந்த மாதம் முதல் முழுத் தவணைக்குத் திரும்ப இயலும் என்பதைத் தொகையோடு எழுத வேண்டும். நிறைவேற்ற முடியாத வாக்குறுதி வேண்டாம். ஒருமுறை முறிந்த சொல்லுக்கு மறுமுறை மதிப்பிராது. இணை விண்ணப்பதாரரையும் ஜாமீன் நின்றவரையும் முன்கூட்டியே அறியச் செய்வது அமானிதம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தின் வாழைகளையும் ரப்பர் மரங்களையும் சாய்த்து, கடலுக்குச் சென்றவர்களைக் கொண்டுபோனது. இத்தகைய பேரிடர்களில் கடனை மறுசீரமைக்க ரிசர்வ் வங்கியின் தனி நெறிமுறைகள் உண்டு. பாதிப்புக்குள்ளானவர் அவற்றைக் குறிப்பிட்டே கேட்கலாம்.

வங்கி 30 நாட்களில் விடை தராவிட்டாலோ, விடை நிறைவளிக்காவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வீட்டுவசதி நிதி நிறுவனமாயின் முறையீடு தேசிய வீட்டுவசதி வங்கிக்குச் செல்லும். நாகர்கோவிலில் இயங்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் வங்கியுடன் சமரசம் பேசவும் வழியுண்டு. கஅபு (ரலி) அவர்களின் நிகழ்ச்சியில் கண்ட நடுவர் முறை இன்று இவ்வடிவில் நமக்குக் கிடைக்கிறது.

செய்யக் கூடாதது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வங்கித் தவணையைக் கட்டக் கந்துவட்டிக்காரரிடம் போவது நெருப்பிலிருந்து தப்பக் கிணற்றில் விழுவதாகும். கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் உள்ளது. இருந்தும் 2017 அக்டோபர் 23 அன்று அண்டை மாவட்டமான திருநெல்வேலியின் ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் கணவனும் மனைவியும் இரு பெண் குழந்தைகளும் தீக்கிரையாயினர். வங்கியின் கடிதத்துக்கு விதிகளும் நாட்கணக்கும் முறையீட்டு வாயில்களும் உண்டு. கந்துவட்டிக்காரரின் மிரட்டலுக்கு அவை எவையும் இல்லை.

ஜமாஅத்தின் பங்கு

ஜகாத்தைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரில் கடன்பட்டோரும் அடங்குவர் (9:60). இவ்வகையைப் பற்றி அபூ உபைத் (ரஹ்) தம் கிதாபுல் அம்வாலில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறார். கடன்பட்டோரின் கடனைத் தீர்க்குமாறு கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) தம் அதிகாரிகளுக்கு எழுதினார்கள். வீடும் பணியாளும் குதிரையும் தட்டுமுட்டுச் சாமான்களும் உள்ளவரும் கடனாளியாக இருக்கிறாரே என்று விளக்கம் கேட்டனர். ஒரு முஸ்லிமுக்கு ஒதுங்கியிருக்க ஒரு வீடும் மற்ற தேவைகளும் இருந்தே ஆக வேண்டும். அவற்றை வைத்திருந்தும் அவர் கடன்பட்டவரே, அவர் கடனைத் தீர்த்துவிடுங்கள் என்பது கலீஃபாவின் விடையின் கருத்து. வீடு இருப்பதாலேயே ஒருவரை வசதியுள்ளவர் என்று தள்ளிவிடும் நம் பழக்கத்துக்கு இச்செய்தி பதிலாகிறது.

வட்டிக் கடனின் எப்பகுதிக்கு ஜகாத்தைப் பயன்படுத்தலாம் என்பது உலமாக்களிடம் கேட்டறிய வேண்டியது. ஆனால் பணமின்றியே செய்யக்கூடிய உதவிகள் உண்டு. மலேசியாவில் மத்திய வங்கி 2006இல் அமைத்த கடன் ஆலோசனை முகமை, கடனில் சிக்கியோருக்குக் கட்டணமின்றிக் கணக்குப் பார்த்து, வங்கிகளுடன் பேசித் திட்டம் வகுத்துத் தருகிறது. நம் மஹல்லாக்களில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், வழக்கறிஞர் ஒருவர், கணக்கறிந்தவர் ஒருவர் என மூவர் வாரம் ஒரு மாலை பள்ளிவாசல் அலுவலகத்தில் அமர்ந்தால் இப்பணியைத் தொடங்கிவிடலாம். விண்ணப்பம் எழுதித் தரலாம். வங்கிக்கு உடன் செல்லலாம். தெரிந்ததை வெளியே பேசாதிருக்கலாம். முதல் மாதங்களில் ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று தவணைகளைப் பைத்துல்மாலிலிருந்து அழகிய கடனாகத் தருவது, பின்னர் ஏலத்தில் போகும் வீட்டை மீட்க முயல்வதைவிட மிகச் சிறிய செலவு.

திருமணத்துக்கு உதவி கேட்டு வருபவரை ஜமாஅத்துகள் கண்ணியமாக நடத்தக் கற்றுக்கொண்டிருக்கின்றன. கடனுக்கு அவகாசம் கேட்டு வருபவருக்கும் அக்கண்ணியம் உரியது. அவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, எவ்வளவு பாக்கி என்பதன்று. தபால் வந்ததா, அதன் தேதி என்ன, எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்பதே.